பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். கறுப்பு நிறம். முகப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல், அதற்குள் கைக்கடிகாரத்தில் தெரிவதுபோல எண்கள். ஒரு முனையிலிருந்து வயர் சுருண்டு சுருண்டு போய்க் கேமராவின் பக்கவாட்டில் செருகிக்கொள்ளும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு படம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பக்கத்தில் ஆளே வேண்டாம், ரோல் தீரும்வரை அதுவே எடுத்துக்கொண்டிருக்கும். அதை டைமர் என்றார்கள். ஆலை முதலாளி சின்னையா அதை மேசைமேல் மஞ்சள் பட்டுத்துணி விரித்து வைத்திருந்தார். பூஜை அறையிலிருந்து எடுத்துவந்த துணி என்று பிறகு தெரிந்தது. நான் கிட்டே போய் விரலை நீட்டியதும், "தொடாத" என்றார். "இது தூங்காது, துன்னாது, பீடி குடிக்க வெளிய போவாது. உன்ன மாதிரி கெடயாது." அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் பீடி குடிப்பவன் என்பதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஏழைகள் எல்லாரும் பீடி குடிப்பார்கள் என்று அவராகவே தீர்மானித்திருப்பார்.

எண்பதுகளின் கடைசி அது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ரோட்டில் அவர்களுடைய மாங்கூழ் ஆலை இருந்தது. ஊரில் ஜூஸ் பேக்டரி என்பார்கள். கட்டியவர் சின்னையாவின் அப்பா. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழக்குவியலுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு குவியலிலும் ஒன்றை முகர்ந்து பார்ப்பாராம். நான் போனபோது அவர் கை கால் விழுந்து வீட்டில் படுத்திருந்தார். சின்னையா பெங்களூரில் படித்தவர். படித்து முடித்தாரா என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. மாம்பழ ஆலையில் வெள்ளைச் சட்டை போடுகிற ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. கறை படும் என்பதால் அவர் ஷெட்டுக்குள் வருவதே இல்லை. கழுத்தில் எப்போதும் ஒரு கேமரா தொங்கும். அதில் ரோல் இருக்காது.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போனது. லாரியில் கிளீனராக இருந்தேன், சூளூர்பேட்டையில் ரயிலுக்கு மீன் கூடை தூக்கினேன், ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் கொஞ்ச காலம் நிலைத்தேன். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிற குடும்பங்களை நிற்கவைத்துப் படம் பிடிக்கிற கடை. அங்கேதான் பிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் பழகினேன். மொட்டைத் தலைகளில் விளக்கு பளபளக்காமல் எடுப்பது எப்படி என்பதைத் தவிர வேறு வித்தை எதுவும் அங்கே இல்லை. ஒரு நாள் அதுவும் சலித்துப்போய்ச் சித்தூர் பஸ் ஏறினேன். சித்தூரில் என் அத்தை இருந்தாள்.

அத்தை என் நைனாவுக்கு அக்கா. பாலசமுத்திரத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாமல் புருஷனையும் இழந்து, பிழைக்க வந்தவள். முதலில் ஜல்லி உடைத்தாள். கல்தூள் நெஞ்சில் இறங்கி, படுத்தால் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்த பிறகு, யாரையோ பிடித்து ஆலைக்குள் நுழைந்தாள். மாம்பழம் முடிந்தால் தக்காளி, தக்காளி முடிந்தால் கொய்யா என்று ஆலை ஓடும். இடம் பிடித்தவர்களை நிறுத்தமாட்டார்கள். அந்த இடம் போனால் அவளுக்கு மறுபடி ஜல்லிதான். ஜல்லிக்குப் போனால் அவள் ஒரு கோடை தாங்கமாட்டாள். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அவள் வீட்டில் சோறு தின்றுகொண்டு சும்மா கிடந்த என்னை, "பிலிம் கழுவத் தெரிஞ்ச ஆள் வேணுமாம், போ" என்று அவள்தான் அனுப்பினாள்.

வேலை இதுதான். ஷெட்டில் நீளமாக ஒரு மேசை. இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து பெங்களூரா மாம்பழத்தைத் தோல் சீவி, கதுப்பை அறுத்து அலுமினிய அன்னக்கூடையில் போடுவார்கள். கூடை நிறைந்ததும் அவரவர் கூடையை அவரவரே தூக்கிப்போய், ஷெட்டின் மறுகோடியில் இருக்கும் கூழ் மிஷினில் கொட்டிவிட்டு வரவேண்டும். மேசைக்கு மேலே சுவரில் இரும்புக் கூண்டு அடித்து, அதற்குள் வேறொரு கேமராவையும் டைமரையும் சின்னையா வைத்துப் பூட்டினார். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். யார் வேலை செய்கிறார்கள், யார் கதையடிக்கிறார்கள் என்று இனிமேல் தெரிந்துவிடுமாம். மாலையில் நான் ரோலைக் கழற்றிக் கழுவி, தபால் தலை அளவில் எல்லாப் படங்களையும் ஒரே தாளில் போட்டுக் கொடுக்க வேண்டும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மாணிக்கக் கல்லில் குற்றம் பார்க்கிற ஆசாரி மாதிரி அவர் அதைப் பார்ப்பார்.

அவர் அறைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியவர் அதற்காகவே வைத்துக் கட்டியது. திரும்பி உட்கார்ந்தால் மேசை முழுவதும் தெரியும். சின்னையா அந்தச் சன்னலை மறைத்து ஒரு பீரோ போட்டிருந்தார்.

முதல் நாள் ரோல் முழுக்கக் கறுப்பாக இருந்தது. ஷெட்டில் வெளிச்சம் போதாது என்று சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைத்து, இருந்த டியூப்லைட்டுகளைப் போல இன்னொரு மடங்கு மாட்டவைத்தார். ஏணி போட்டு ஏறிப் பார்த்த நான், "சார், லென்ஸ் மூடி கழட்டாம கீது" என்றேன். "தெரியும்யா. டெஸ்ட் பண்ணேன்" என்றார். எதை டெஸ்ட் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து படங்கள் வந்தன. இந்தக் கருவியில் ஒரு குணம் உண்டு. படம் எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அதன் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். சின்னையா அதைக் கவனித்தாரோ இல்லையோ, மேசையில் கூண்டைப் பார்த்தாற்போல் உட்கார்ந்திருந்த மிஷன் காம்பவுண்டு அம்மா கவனித்துவிட்டார். அந்த அம்மா சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவர், கணீரென்ற குரல். விளக்கு மின்னியதும், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். உடனே மேசையில் இருந்த அத்தனை தலைகளும் குனிந்துகொள்ளும், கத்திகள் ஓடும். கேமரா சர்ரென்று ரோலைச் சுற்றி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து கதை தொடரும்.

"இன்னாம்மா, ஆண்டவரு உனுக்கு மட்டும் செவப்பா தெரியறாரா?" என்று பக்கத்தில் ஒருத்தி கேட்பாள்.

"உனுக்கும் தெரிவாரு. மொதல்ல குனி, அப்பறம் கேளு."

அந்த மேசையில் இந்துப் பெண்கள்தான் அதிகம். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் ஸ்தோத்திரம் பழகிவிட்டது. தாளில் பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் உட்கார்ந்திருந்த எல்லாரும் குனிந்து உழைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னையா தாளைத் தூக்கிப் பிடித்து, "டிசிப்ளின் வந்துட்சி பாத்தியா? மிஷினுக்கு இருக்கிற மரியாத மனுஷனுக்கு இல்லய்யா" என்றார். அந்த ஒரு வாரத்தில் முன்பைவிடக் குறைவாகத்தான் கூழ் இறங்கியது. கூழை அவர் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்ப்பார்.

அத்தை மட்டும் இந்தச் சிவப்பு விளக்கு விளையாட்டில் சேரவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. அவளுக்குக் கையை நிறுத்தி மறுபடி ஓட்டுவது எரிச்சல். கல் உடைத்த கை, ஓட ஆரம்பித்தால் ஒரே சீராக ஓடும். பேச்சும் கிடையாது. கூடை நிறைந்தால் எழுந்து போவாள், கொட்டுவாள், வருவாள், உட்காருவாள். அந்தச் சீர்தான் வினையாகப் போனது. அவள் ஒரு கூடை நிரப்பிக் கொட்டிவிட்டு வருகிற நேரமும் டைமரின் பத்து நிமிடமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. விளக்கு மின்னும்போதெல்லாம் அவள் கூடையோடு மிஷின் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். முதலில் கவனித்தவன் நான்தான். பிரிண்ட் போடும் சிவப்பு விளக்கறையில் தாள் மெல்ல மெல்லக் கறுத்து உருவங்கள் எழும்போது, மேசையின் மூன்றாவது இடத்தில் எந்தப் படத்திலும் ஆள் எழவில்லை. வெறும் முக்காலி. இரண்டொரு படத்தில் ஓரத்தில் ஒரு முந்தானை.

சின்னையா அந்த முக்காலியைச் சுற்றி ஒவ்வொரு படத்திலும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். பிறகு மேஸ்திரியையும் அத்தையையும் கூப்பிட்டனுப்பினார். தாளைக் கொடுக்க நின்றிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"இன்னாம்மா, சம்பளம் வாங்கறது எதுக்கு? ஊர் சுத்தவா? சூடு, பாரு, எதுலயும் நீ இல்ல" என்று தாளைத் திருப்பிக் காட்டினார். அவருக்குத் தெலுங்கும் தமிழும் கலந்துதான் கோபம் வரும்.

அத்தை தாளைப் பார்க்கவில்லை. "நான் எங்க சாமி சுத்துனேன்? கூட ரொம்பிச்சின்னா தூக்கிகினு போய் கொட்டாம, தலமேல கவுத்துகினு குந்தறதா?"

"எப்ப பாத்தாலும் கூட ரொம்புமா?"

"ரொம்புது. நான் இன்னா பண்றது."

மேஸ்திரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசையில் அதிகக் கூடை கொட்டுகிறவள் யார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்கும் வீட்டில் சாப்பிடப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான்தான் சொன்னேன். "சார், அத்த கூடய எடுத்துகினு போற நேரமும் இது படம் புடிக்கிற நேரமும் ஒண்ணா வந்து வந்து வுயுது. பத்த ஏழாக்கிப் பாருங்க, முக்காவாசி படத்துல வருவாங்க."

சின்னையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படம் பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லல சார். நேரத்த மாத்தினா—"

"இது ப்ரோக்ராம் பண்ணது. தொட்டா எல்லாம் போயிடும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு அதை மாற்றத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் மச்சான் பத்து என்று வைத்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். கூட வந்த புத்தகத்தை இவர் எங்கோ தொலைத்திருந்தார். பட்டுத்துணியும் பூட்டும் தொடாதே என்கிற அதட்டலும் எல்லாம் அதற்காகத்தான். தனக்குத் தெரியாத ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டால் அது மற்றவர்களுக்கும் தெரியாமல் போய்விடும் என்று நம்புகிற சாதி அவர். அந்த நம்பிக்கையில் ஒரு கிழவியை மறுபடி கல் உடைக்க அனுப்பவும் அவருக்குக் கூசவில்லை. "நாளைக்கு ரோல்ல ஒரு படத்துல நீ இல்லன்னாலும், மறுநாள் வராத" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் மேசையைத் துடைத்தார். அத்தை மேசையைத் தொடவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அத்தை தெருமுனையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவனுக்கு இன்னாதாண்டா வேணும்?" என்று கேட்டாள்.

"வெளக்கு மின்னும்போது நீ எடத்துல இருக்கணும். அவ்ளோதான் அத்த."

"அப்ப ரொம்பற கூட?"

"கூட அவனுக்கு வேணாம்."

மறுநாள் அவள் விளக்குக்குக் காத்திருந்தாள். கூடை நிறைந்தது. எழவில்லை. கத்தியைக் கையில் பிடித்தபடி, மடியில் கை வைத்துக் குந்தியிருந்தாள். மிஷன் காம்பவுண்டு அம்மா ஸ்தோத்திரம் சொல்லி, கேமரா சர்ரென்ற பிறகுதான் கூடையைத் தூக்கினாள். போய் வந்து ஒரு பழம் அறுப்பாள், இரண்டு பழம் அறுப்பாள், மறுபடி விளக்கைப் பார்ப்பாள். சீர் ஒருமுறை அறுந்துவிட்டால் அந்தக் கை பிறகு ஓடுவதில்லை. மறுகோடியில் கூழ் மிஷின் வெறுமனே சுற்றிக் கத்தியது. அதை ஓட்டுகிறவன் நடந்து வந்து எட்டிப் பார்த்தான். "இன்னா பெரிம்மா, உடம்பு சரியில்லியா?" என்றான். "படம் புடிக்கறாங்கடா, போ" என்றாள் அத்தை.

அன்றைய தாளில் ஒரு வட்டம்கூட விழவில்லை. அவளுக்கு இடம் போகவில்லை. அந்த மாதமே முற்றத்தில் பழம் தேங்கி அழுக ஆரம்பித்தது, ஈ மொய்த்தது. தோட்டக்காரர்கள் கனிந்த பழமாக அனுப்பி ஏமாற்றுகிறார்கள் என்று சின்னையா லாரிகளைத் திருப்பி அனுப்பினார். நான் அந்த வருஷத்தோடு கிளம்பிவிட்டேன். அத்தை அதன்பிறகும் பல வருஷம் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஜல்லிக்குப் போகாமலே செத்தாள். அந்த வகையில் நான் சின்னையாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன்.

இப்போது டீக்கடையில்கூடக் கூரையில் கேமரா இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று அல்ல, விடாமல் எடுக்கிறது. கல்லாவில் இருப்பவர் எதிரே நிற்கிற என்னைப் பார்க்காமல், பக்கத்துத் திரையில் என் உச்சந்தலையைப் பார்த்துச் சில்லறை கொடுக்கிறார். அப்போதெல்லாம் எனக்குச் சின்னையாதான் ஞாபகத்துக்கு வருகிறார். அவரை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்கூட்டியே பிறந்துவிட்டவர் போலிருக்கிறது.

நான் ஆலையை விட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, சின்னையா அத்தை இருக்கும் படம் ஒன்றைச் சன்னல் கதவு அளவுக்குப் பெரிதாகப் போடச் சொன்னார். போட்டேன். கண்ணாடிச் சட்டம் அடித்து நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். பேங்க்கிலிருந்து ஒருவர் ஆலையைப் பார்க்க வந்த அன்று, நானும் அறையில் இருக்கும்போதே அத்தையை உள்ளே கூப்பிட்டார். அவள் வெறுங்காலோடு கதவோரத்தில் நின்றாள். கையிலிருந்து பழச்சாறு சொட்டிக்கொண்டிருந்தது.

"மொதல்ல ஒரு படத்துலயும் இல்லாத ஆளு சார். இப்ப பாருங்க, எடத்த வுட்டு அசையறதில்ல" என்று பேங்க்காரரிடம் சொன்னார். பிறகு அத்தையிடம், "பாரும்மா, நல்லா பாரு. எல்லாரும் இப்டி இருக்கணும்" என்றார்.

அத்தை படத்தின் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தாள். தன்னைப் படத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கூட ரொம்பி கீழ வயிஞ்சிகினு கீது. கையில கத்திய புடிச்சிகினு குந்திகினு கீறா பாரு. யார்ரா நைனா இந்த சோம்பேறிக் கழுத?"

சின்னையா சிரித்தார். "நீதாம்மா அது" என்றார்.

அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விளக்கு மின்னுவதற்குள் இடத்துக்குப் போக வேண்டும் என்று வேகமாக வெளியே நடந்தாள்.