நாலு ஐம்பதுக்கு மூன்று தட்டு

இது நடந்தது. கனடாவில், ஸ்காபரோ வோபர்ன் பக்கம், போன டிசம்பர் பதினாலாம் திகதி பின்னேரம். நம்ப விருப்பமில்லாத ஆட்கள் இதோடு எழும்பிப் போகலாம், ஒருவருக்கும் நட்டமில்லை. சீமோனும் பேய் பிசாசை நம்புகிற மனிதன் இல்லை. பேயை விடுங்கள், அவர் டொக்ரரையே நம்பமாட்டார்.

சீமோனுக்கு எழுபத்திமூன்று வயது. மனைவி பேர்ணடெற் நவம்பர் பதினைந்து குசினிக்குள் விழுந்து செத்துப்போனா. டிசம்பர் பதினைந்து அவவின் முப்பத்தோராம் நாள். காலையில் கோயிலில் பூசை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு, நாற்பது சனம் வரும். அதற்கு முதல் நாள் பார்த்து பொயிலர் படுத்துவிட்டது.

அந்த வீட்டில் சூடு வருவது பழைய முறையில். வீட்டுக்கு அடியில், பேஸ்மன்றில் கேஸ் பொயிலர். அது காய்ச்சுகிற தண்ணீர் இரும்புக் குழாய் வழியே ஒவ்வொரு அறைக்கும் ஏறும். சீமோன் வேலையை விட்ட நாளிலிருந்து இருப்பும் பேஸ்மன்றில்தான், ரீவியோடு. மேலே இருந்து கத்தினால் கேட்காது. அதற்கு பேர்ணடெற் ஒரு வழி கண்டுபிடித்திருந்தா. தேத்தண்ணி ஊற்றியதும், ஆணியில் தொங்கும் எவர்சில்வர் கரண்டியை எடுத்துக் குசினிக் குழாயில் மூன்று தட்டு. டங்... டங்... டங். சத்தம் குழாய் வழியே கீழே இறங்கும். சரியாக நாலு ஐம்பது.

"வாறன்" என்று சீமோன் கீழே இருந்து கத்துவார். கத்திவிட்டு ஆறுதலாகத்தான் ஏறுவார்.

நவம்பர் பதினைந்தும் தட்டுக் கேட்டது. "வாறன்" என்றார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து இருபதுக்கு ஏறிப்போனார். அவ நிலத்தில் கிடந்தா. கரண்டி ஆணியில் தொங்கியது. கேத்திலுக்குள் பச்சைத்தண்ணி. அந்த நேரம் இதையெல்லாம் யார் யோசித்தது?

நாலு மணிக்கு முன்னமே உயிர் போய்விட்டது, நீங்கள் உடனே வந்திருந்தாலும் பிரயோசனமில்லை என்று டொக்ரர் சொன்னார். ஆறுதலுக்கு அவிழ்த்துவிட்ட பொய் என்று சீமோன் முடிவுகட்டினார். நாலு ஐம்பதுக்குத் தட்டினவள் எப்படி நாலுக்கு முன்னம் செத்திருப்பாள்? உதவிக்குத் தட்டியிருக்கிறாள். நான் செய்தி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இந்த ஒன்றுதான் மனிதனை ஒரு மாதமாக அரித்தது.

பொயிலர் நின்ற அன்று ஸ்ரௌவ்விலில் இருக்கும் மகன் அன்ட்ரூ போன் எடுத்தான்.

"அப்பா, பொயிலர் திருத்துற மிதுனனுக்குச் சொல்லிட்டன். ஏழு மணிக்கு வருவான். நீங்கள் ஒண்டிலயும் கை வையாதேங்கோ."

"உவங்கள் நல்லா இருக்கிற சாமானை உடைச்சுப்போட்டுத்தான் திருத்துவாங்கள்."

"உங்களுக்கு உலகத்தில ஆரிலதான் நம்பிக்கை?"

"உன்ர கொம்மாவில."

போனை வைத்துவிட்டார்.

நாலு பத்துக்குக் கீழே இறங்கினார். வீடு ஒன்பது பாகைக்கு வந்துவிட்டது. கரண்ட் இருந்தது. கேஸ் திறந்திருந்தது. பொத்தானை அமத்தினார். டிக்... டிக்... டிக்... பொஃப். நீல நெருப்புப் பிடித்தது. இரண்டு நிமிடம். அணைந்தது. திரும்ப அமத்தினார். திரும்ப இரண்டு நிமிடம். அணைந்தது.

நாலு முப்பத்தெட்டு. புகை போகும் குழாயின் அடியில் ஒரு சின்னச் சுவிச்சைக் கண்டார். புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பினால் நெருப்பை நிறுத்துகிற காவல் சுவிச். அதுதான் பழுது என்று தீர்த்தார். இருபது வருசம் தொழிற்சாலையில் மெசின் ஓட்டிப் பழகின கெட்ட பழக்கம் அது: சுவிச் மறித்தால் சுவிச்சைக் கழற்றிவிட்டு வயர் இரண்டையும் சேர்த்து முறுக்கு.

கழற்றினார். தலை லேசாக இடித்தது. சன்னலில் இருட்டு.

நாலு நாற்பத்தொன்பது. இரண்டு கையிலும் ஒவ்வொரு வயர்.

டங்...

கை நின்றது.

டங்...

வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

டங்.

"வாறன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தார்.

நாலு ஐம்பது.

வயரைப் போட்டார். ஓடினார். முழங்கால் நோவை நினைக்கவில்லை. பதின்மூன்று படி.

குசினி இருட்டு.

லைட்டைப் போட்டார். யாரும் இல்லை.

ஆணியில் கரண்டி ஆடிக்கொண்டிருந்தது...

பிடித்தார். அந்தக் குளிருக்குள் அது சூடாக இருந்தது. யாரோ கையில் வைத்திருந்துவிட்டு விட்டதுபோல.

அவ கிடந்த இடத்திலேயே குந்தினார்.

"வந்திட்டன், பேர்ணடெற்."

கரண்டியைக் கையில் வைத்தபடி அங்கேயே இருந்தார்.

ஏழு ஐந்துக்கு மிதுனன் வந்தான். புகைக்கூட்டுக்குள் செங்கல் இடிந்து வழி அடைத்திருந்தது. தொங்கின வயரைப் பார்த்துவிட்டு அவன் முகம் வெளிறினது.

"சுவிச் நல்லாத்தான் இருந்தது அங்கிள். வயரைச் சேர்த்திருந்தா நாளைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பூசை."

சீமோன் தட்டின கதையைச் சொன்னார்.

"புகை குடிச்சா காதுக்குள்ள கண்டது நிண்டது எல்லாம் கேக்கும்" என்றான் அவன். "மற்றது, குசினிக் குழாயில தட்டினா சத்தம் கீழ வராது."

பேஸ்மன்ற் கூரைப் பலகை ஒன்றைத் தள்ளிக் காட்டினான். இரும்புக் குழாய் நடுவில் வெட்டி, ஒரு பாகத்துக்கு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் போட்டிருந்தது.

"இரும்பு உக்கி ஒழுகினது. நான்தான் மாத்தினனான். 'அந்த மனுசனுக்குச் சொல்லாதை தம்பி, கத்தும்' எண்டு அன்ரிதான் சொன்னவ."

"எப்ப?"

"நீங்கள் மொன்றியல் செத்தவீட்டுக்குப் போன கிழமை."

மொன்றியலால் சீமோன் திரும்பி வந்தது நவம்பர் பதினாலு இரவு.

அவர் நம்பவில்லை. மிதுனனைக் கரண்டியோடு மேலே அனுப்பினார். கீழே குழாயில் காதை வைத்தார். ஒரு நிமிடம் போனது. போனில் கேட்டார்.

"அடிக்கிறியோ?"

"கை நோக அடிக்கிறன் அங்கிள். கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை.

டிசம்பர் பதினாலுக்குப் புகை என்று வைப்போம். நவம்பர் பதினைந்துக்கு? அன்றைக்குப் பொயிலர் நன்றாகத்தான் எரிந்தது, புகையும் இல்லை. ஆனால் பிளாஸ்ரிக் குழாய் இருந்தது. கேத்தில் சுடவில்லை. கரண்டி ஆணியை விட்டு இறங்கவில்லை. டொக்ரர் பொய் சொல்லவில்லை.

பேர்ணடெற் நாலு மணிக்கு முன்னமே போய்விட்டா. நாலு ஐம்பதுக்குத் தட்டினது உதவிக்கு இல்லை. சொல்லிக்கொண்டு போகத்தான் கூப்பிட்டாவோ, என்னவோ... அரை மணித்தியாலம் சீமோன் போகவில்லை.

மிதுனனைக் கொண்டு அந்த இடத்துக்குத் திரும்ப இரும்புக் குழாயே போடுவித்திருக்கிறார். நாலரைக்கெல்லாம் கீழே போய் இருப்பார். ரீவி போடுவதில்லை.

இன்றைக்குவரை ஒரு தட்டும் கேட்கவில்லை.