செஞ்சிக் கோட்டையில் ஒரு விசில் சத்தம்

மாசி மாத வெயிலில் பத்து மணிக்கே செஞ்சிப் பாறைகள் சுடத் தொடங்கிவிடும். செருப்பில்லாத காலுக்கு அந்தச் சூடு முதலில் குதிகாலில் தெரியும், பிறகு விரலிடுக்குகளில் ஏறும். ராஜகிரி மலையின் படிகளில் நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நானும் பூங்காவனம் அத்தையும் ஏறிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அத்தை அப்பாவின் தங்கை, முப்பதைத் தொடாதவள். கணவன் சைகோனுக்குப் போய்க் கடிதம் நின்றுபோன பிறகு பாகூரில் எங்களோடு வந்து தங்கியவள்.

புதுச்சேரியும் அதைச் சேர்ந்த எங்கள் பாகூரும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி நான்கைந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை எங்களுக்குப் பார்க்கத்தக்க இடம் என்றால் பாகூர் ஏரிக்கரை, மூலநாதர் கோயில், வில்லியனூர்த் தேர் இவ்வளவுதான். மற்றதெல்லாம் எல்லைக்கு அப்பால் இருந்தது. எங்கள் பேச்சில் அதற்கு "அந்தாண்ட" என்று பெயர். கடலூர் "அந்தாண்ட", செஞ்சி "அந்தாண்ட", மகாபலிபுரம் அதற்கும் "அந்தாண்ட". இனி அதுவும் நம் நாடுதான், நம் நாட்டை நாம் பார்க்க வேண்டாமா என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கரும்பு வெட்டு முடிந்ததும், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன லாரியைக் கழுவி, வைக்கோல் பரப்பி, எங்கள் தெருவின் நான்கு குடும்பங்கள் செஞ்சிக்குப் புறப்பட்டன.

அத்தை வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். காரணம் எல்லோருக்கும் தெரியும். கைமாறுவதற்கு முந்தைய மாதங்களில் இந்திய அரசு எல்லையை அடைத்துவிட்டிருந்தது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் துணியும் "அந்தாண்ட"யிலிருந்து திருட்டுத்தனமாகத்தான் வர வேண்டும். வாரம் இரண்டு முறை அத்தை கரும்புத் தோட்டங்களுக்குள் புகுந்து போய்க் கொண்டுவருவாள். பெண் பிள்ளை கூட இருந்தால் சந்தேகம் வராது என்று சில நாட்கள் என்னையும் அழைத்துப் போவாள். அப்போது அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை இரண்டு. "விசிலு ஊதுனா நிக்காத. பேரச் சொல்லிக் கூப்ட்டா வாயத் தொறக்காத. அவன் நம்ம பேரத் தெரிஞ்சிகினுதான் கூப்டுவான்." சுங்கச் சாவடியில் காக்கிச் சட்டைக்காரரிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் பெயர் ஏறியவர்களைப் பிடித்துக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி அப்படிப் போய், மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

லாரி பழைய சாவடியை நெருங்கியபோது அதுவரை பாடிக்கொண்டும் கடலை கொறித்துக்கொண்டும் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாயை மூடிக்கொண்டார்கள். குடிசை கதவில்லாமல் நின்றது. குறுக்குக் கட்டை பள்ளத்தில் கிடந்தது. லாரியை ஓட்டிய முருகேசன் தலையை வெளியே நீட்டி, "இன்னாபா, சாவு வூட்டுக்கா போறோம்? பேசிகினு வாங்க" என்றார்.  அத்தை முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு வைக்கோலைப் பார்த்தபடி இருந்தாள். மடியில் எலுமிச்சைச் சோற்று மூட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

செஞ்சியில் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கீழே நெற்களஞ்சியங்களையும் கல்யாண மகாலையும் காட்டி, இந்தக் கோட்டையையும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள் என்று சொன்னார். "இங்கயுமா" என்று அத்தை கேட்டாள். மலை ஏறும்போது ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் ஒரு வளைவு பின்தங்கினோம்.

அப்போதுதான் விசில் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். மேலே படி திரும்பும் இடத்தில் காக்கிச் சட்டையும் தலைப்பாகையும் அணிந்த ஒருவர் இரண்டு கைகளையும் கீழ்நோக்கி ஆட்டிக்கொண்டு, விடாமல் விசில் ஊதினார். நடுவில் எதையோ கத்தினார். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. கோட்டைக் காவல்காரர் அவர் என்பதும், யாரோ கல்லெறிந்து மலைத்தேனீக்களைக் கலைத்துவிட்டதால் எல்லோரையும் இருந்த இடத்திலேயே போர்த்திக்கொண்டு உட்காரச் சொல்கிறார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. முன்னால் போனவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். அவர்களை எங்கள் கண்ணிலிருந்து வளைவு மறைத்தது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காக்கியும் விசிலும்தான்.

அத்தை யோசிக்கவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, படியை விட்டு வலப்பக்கப் புதருக்குள் குனிந்து நுழைந்தாள். கரும்புத் தோட்டத்தில் போவது போலவே, சருகு நொறுங்காமல் போனோம். புதர் முடிந்த இடத்தில் வழவழப்பான பாறைச் சரிவு. அவள் கால் வைத்தாள், வழுக்கியது. என் கையை விட்டுவிட்டாள். இரண்டு ஆள் நீளத்துக்குச் சறுக்கிப் போய், விளிம்பில் முளைத்திருந்த ஒரு சூரைச் செடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. தூரத்தில் வயல்கள் தெரிந்தன. நான் ஒரு பாறை வெடிப்பில் விரல்களை நுழைத்துக்கொண்டு குப்புறப் படுத்தேன்.

எங்களுக்கு நேர் மேலே, பாறையின் அடிவயிற்றில், நனைந்த கறுப்புக் கோணிகளைப் போல நான்கு தேனடைகள் தொங்கின. எந்தத் தேனீக்களுக்காகக் காவல்காரர் எல்லோரையும் அசையாமல் உட்காரச் சொன்னாரோ அவற்றின் அடியிலேயே வந்து சேர்ந்திருந்தோம்.

தேனீக்கள் முதலில் அத்தையின் காதோரம் கொட்டின. பிறகு நெற்றி, கழுத்து. அவள் கத்தவில்லை. மேலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "பூங்காவனம்... எம்மா பூங்காவனம்..." நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் இன்னொரு குரல், முன்பின் கேட்டிராத ஆண்குரல், அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. கூடவே விசில். அத்தை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவள் கைகள் செடியில் இருந்தன, முகம் வீங்கத் தொடங்கியிருந்தது, கண்ணால்தான் சொன்னாள். வேண்டாம்.

செடியின் வேரோரம் மண் பொலபொலவென்று உதிர்வதை என்னால் பார்க்க முடிந்தது. குரல்கள் மலையின் மறுபக்கம் நோக்கி நகர்ந்தன. முதலில் அப்பாவின் குரல் சன்னமானது, பிறகு மற்றது. விசில் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தேய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாலும் கேட்காது என்று எனக்குத் தெரிந்தது. அத்தை இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினேன்.

"இங்க கீறோம்! அத்த வுழுந்துடப் போவுது! இங்க கீறோம்!"

காவல்காரர் கோணியைப் போர்த்திக்கொண்டு வந்தார். அப்பாவையும் மற்றவர்களையும் புதருக்கு அப்பாலேயே நிறுத்திவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்து, அப்பாவின் வேட்டியோடு முடிந்து கீழே விட்டார். "ஒடனே இழுக்க மாட்டேம்மா. கூடு அடங்கட்டும். துணியக் கையில சுத்திகினு அசையாத இரு" என்றார். அத்தை துணியைப் பார்த்தாள்; தொடவில்லை. "அத்த, புடி அத்த" என்று நான் அழுதேன். செடி ஒரு விரற்கடை பெயர்ந்தது. அதன் பிறகுதான் ஒரு கையை எடுத்துத் துணியைப் பற்றினாள்.

களஞ்சியத்து நிழலில் உட்காரவைத்து, கொட்டுப்பட்ட இடங்களில் காவல்காரர் சுண்ணாம்பு தடவினார். அவருடைய காதும் முன்கையும் தடித்திருந்தன. அவற்றுக்குத் தடவ அவருக்கு நேரமில்லை.

"இன்னாம்மா நீ, விசிலு ஊதுனா நிக்க மாட்டியா?"

"நிக்கிறவங்களத்தான புடிக்கிறீங்க" என்றாள் அத்தை, வீங்கிய உதட்டால்.

அவர் அப்பாவைப் பார்த்தார். "பாகூருங்க" என்றார் அப்பா மெதுவாக. அவர் புரிந்தவர் போலத் தலையசைத்தார். ஆனால் யாருக்காவது அடிபட்டால் எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். நோட்டைக் கண்டதும் அத்தை உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள்.

"பேரு?"

"தனலட்சுமி."

"ஊரு?"

"கடலூரு."

முருகேசன் இருமினார். அப்பா தரையைப் பார்த்தார். அரைமணி நேரமாகப் பூங்காவனம், பூங்காவனம் என்று மலையெல்லாம் கூப்பிட்டு வந்த காவல்காரர், பென்சிலைப் பிடித்தபடி அத்தையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். அவர் நாக்கில் பென்சிலைத் தொட்டு, தனலட்சுமி, கடலூர் என்று எழுதினார். எழுதி, "சரியாக் கீதா பாரும்மா" என்று நோட்டை அவள் பக்கம் திருப்பினார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றாள்.

ஊர் திரும்பும் வரை அத்தை என்னோடு பேசவில்லை. நான் வாயைத் திறந்ததால்தான் அவள் லாரியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும். திறந்திருக்கக்கூடாது என்றே அவள் கடைசிவரை நினைத்தாளோ என்னவோ, அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசவில்லை.

அதன் பிறகு மகாபலிபுரம், தஞ்சாவூர், ஹம்பி என்று நாட்டில் நிறைய இடங்களைப் பார்த்துவிட்டேன். பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால் இன்றும் செஞ்சி என்றுதான் சொல்கிறேன். இப்போது அங்கே சீட்டு வாங்கி நுழைய வேண்டும்; அந்த வளைவில் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள்; தேனீக்கள் பற்றி ஒரு எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. சாவடி இருந்த இடத்தில் மனைக்கட்டுகள் வந்துவிட்டன. அங்கே ஒரு எல்லை இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

அத்தை இறந்த வருடம் கோட்டைக்குப் போனபோது பழைய நோட்டுகள் எங்கே என்று விசாரித்தேன். கறையான் அரித்துவிட்டதால் கொளுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அந்தக் காலத்துக் காவல்காரரைப் பற்றிக் கேட்டேன். எந்தக் காவல்காரர், பெயர் என்ன என்று கேட்டார்கள். அவர் பெயரை நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை.