மாம்பூவுக்குப் பயந்து மலையை விட்டோம்

அண்ணி துவைத்துப் போடும் வெள்ளைச் சட்டையில் மதியத்துக்குள் கரி படிந்துவிடும். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை. சீசனில் வோல்டேஜ் இறங்கினால் டீசல் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார்கள்; புகை எங்கள் வாசலுக்குத்தான் வரும். அங்கேயே பழம் அறுக்கும் வேலை பார்த்த அண்ணிக்கு அந்தப் புகையில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. அண்ணன் மாத்திரை வாங்கி வருவார். நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஊருக்கு மேற்கே உள்ள பாறை மலையில் ஒரு காற்றாலை வைக்கலாமா என்று அந்தத் தொழிற்சாலையே கேட்டு வந்தது. அதன் மின்சாரம் எங்கள் லைனிலேயே சேரும், வோல்டேஜ் நிற்கும், ஜெனரேட்டரை எப்போதாவது போட்டால் போதும் என்று விளக்கினார்கள். புகை கிடையாது, தண்ணீர்ச் செலவு கிடையாது. மலையில் ஆடு மேய்க்கவும் தடையில்லை. இதைவிட ஓர் ஊருக்கு என்ன வேண்டும்?

ஆனால் நாங்கள் மாந்தோப்புக்காரர்கள். பூ விஷயத்தில் எங்களுக்குப் புத்தி வேலை செய்யாது. பூத்த தோப்பில் தும்மக்கூட யோசிப்போம். அத்தனை பெரிய இறக்கை சுற்றினால் ஃபேன் போலக் காற்றடித்துப் பூவெல்லாம் கொட்டிவிடும் என்று யாரோ சொல்ல, ஊரே நம்பியது. யாரோ என்ன யாரோ, அந்த மலையின் பாறைமேல் கண் வைத்திருந்த குவாரிக்காரர்தான் சொன்னார். அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

கிராம சபையில் அண்ணி ஒருவர்தான் எழுந்து பேசினார். தெற்கே காற்றாலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்.

"எங்கூர்ல காத்தாடிக்குக் கீழதான் எங்கய்யா முருங்க போட்டிருக்காவ. அதுனால ஒரு பூ கொட்டல. ஃபேன் கரண்ட வாங்கிக் காத்து தரும், இது காத்த வாங்கிக் கரண்டு தரும். மா பூக்குறது தையில, காத்து அடிக்கிறது ஆடியில. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"வெளியூர்ப் பொண்ணுக்கு நம்ம தோப்பப் பத்தி என்னா தெரியும்? உக்காரும்மா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். காற்றாலை வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் தூக்கினேன். என்னிடம் பத்து மரம் இருந்தது.

தொழிற்சாலை பின்வாங்கியது. கொஞ்ச நாளிலேயே மலை குவாரிக்குப் போனது. இப்போது வெடி வைத்தால் வீட்டுச் சுவர் அதிர்கிறது. தையில் பூக்கும் பூவின்மேல் கல்தூள் மாவு சலித்தது போல உட்கார்கிறது, பிஞ்சு பிடிப்பதில்லை. ஆடு ஏறிய பக்கம் பெரும் பள்ளம். ஜெனரேட்டரும் நின்றபாடில்லை. பூவைக் காப்பாற்றிய வீரர்கள் நாங்கள்! புகையோடு தூசியும் சேர்ந்ததில் அண்ணியை மத்திகிரிக்கு வாடகை வீடு பார்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

போன மாதம், குவாரியை மூடச் சொல்லி கிருஷ்ணகிரியில் ஆட்சியரிடம் கொடுக்க ஒரு மனு எழுதினேன். அண்ணியின் கையெழுத்து வாங்க மத்திகிரிக்குப் போனேன். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்துக்கொண்டார்.

"தூசிய எழுதியிருக்கீய, வெடிய எழுதியிருக்கீய. எல்லாம் சரிதான் தம்பி. அன்னைக்கு நீங்க எதுக்குக் கை தூக்குனீயன்னு எழுதலையே?"

பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தார். குவாரிக்காரரைத் திட்டி இரண்டு பக்கம் எழுதிய எனக்கு, அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை.