வத்தலோடு போன குட்டி ஏடு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தும் நன்றாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம்தான் இருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை நானே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு குட்டி ஓலைப் புத்தகம் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம், சுண்டுவிரல் அகலம். ஒவ்வோர் ஏட்டிலும் நடுவில் ஓர் ஓட்டை, அதில் கோத்த நூல். எழுத்து ஒவ்வொன்றும் எள்ளில் பாதி இருக்கும். அதைக் கீறியவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கீறியிருக்க வேண்டும். கடைசி ஏட்டின் மூலையில் ஒரு தாமரையும் வரைந்திருக்கிறார், அத்தனை இடத்துக்குள்.

நாங்கள் ஜைனர்கள். என் வீட்டுக்காரரின் முன்னோர் ஒருவர் மாட்டுவண்டியில் துணி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவராம். பெரிய ஏட்டுக்குப் பெட்டி வேண்டும், பலகை வேண்டும். இதை மடியில் முடிந்துகொண்டு போய், வண்டி நின்ற இடத்தில் துதி சொல்லியிருக்கிறார்.

"ஒலகம் பூரா இப்படிக் குட்டிப் புத்தகம் பண்ணியிருக்காங்க ஆயா," என்று மகன் வயிற்றுப் பேத்தி ஒருநாள் செல்போனில் காட்டினாள். "நகத்து மேல வெக்கலாம். சிலதெல்லாம் பூதக்கண்ணாடி இல்லாம படிக்கவே முடியாதாம்."

"படிக்க முடியாதத எதுக்குடி பண்ணாங்க?"

"பண்ண முடியும்னு காட்டத்தான்."

எங்களுடையது காட்டுவதற்குப் பண்ணியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பழைய எழுத்து எனக்குப் படிக்க வராது. ஆனால் வருஷா வருஷம் சுருத பஞ்சமி அன்று, ஏடுகளை எல்லாம் எடுத்துத் துடைத்துப் பூஜை செய்யும் நாளில், அதை அவிழ்த்து எண்ணெய் தடவிக் கட்டுவது என் கைதான். மாமியாருக்குப் பிறகு வேறு கை பட்டதில்லை.

இந்த வருஷமும் அப்படித்தான். காலையில் பூஜை முடிந்ததும் எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு முறத்தில் ஏடுகளைப் பரப்பினேன். பக்கத்து முறத்தில் மருமகள் கொத்தவரங்காய் வத்தல் போட்டிருந்தாள். பூஜைக்காக விழுப்புரத்திலிருந்து மகளும் வந்திருந்தாள். நான் கீழே பூஜைப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று தூறல். மருமகள் ஓடிப்போய் எல்லாவற்றையும் வாரினாள். வாரியதில் ஒரு பையை நாத்தனாருக்கும், அதாவது என் மகளுக்கும், கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

மூன்று மணி வாக்கில் நூலை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மா, ஏடு எங்க?"

"எந்த ஏடு அத்தை?"

"தொட்டியாண்ட மொறத்துல காஞ்சிக்கினு இருந்துச்சே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அதுவும் வத்தல்னு நெனச்சிட்டேனே."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எண்ணெய் தடவிய பழைய ஓலையும் காய்ந்த கொத்தவரங்காயும் ஒரே நிறம், ஒரே நீளம். வீட்டிலிருந்த டப்பாவைக் கொட்டிப் பார்த்தோம். வெறும் வத்தல். அப்படியானால் மொத்தமும் விழுப்புரத்தில்.

பொழுது விழுந்த பிறகு எங்கள் வீடுகளில் சாப்பிடமாட்டோம். வெளிச்சத்திலேயே மகள் சமைத்துவிடுவாள். புது வத்தல் கைக்கு வந்தால் அன்றைக்கே வறுப்பாள், அவள் குணம் எனக்குத் தெரியும். போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கிற ஆள் இல்லை. பேத்தியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டியில் அந்த பஸ் நின்றது பாருங்கள், கோயில் தேர் மாதிரி.

"ஆயா, என்னா முணுமுணுத்துக்கினு வர்ற?"

"வேண்டிக்கினு வர்றேன்டி. எண்ணெ காயக்கூடாதுன்னு."

மகள் வீட்டு வாசலிலேயே தாளித்த வாசனை வந்தது. உள்ளே மாப்பிள்ளை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் அடுப்படியில்.

"அடுப்ப நிறுத்துடி."

"என்னாம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? நிறுத்தியாச்சி. என்னா வத்தல் குடுத்தனுப்பிச்சீங்க? மொதல்ல ஒண்ணு போட்டேன், வெறச்சிக்கினு நின்னுச்சி. ஓட்டை வேற இருக்குது."

"நான் கடிச்சிப் பாத்தேன் அத்தை," என்றார் மாப்பிள்ளை. "பல்லு போயிருக்கும்."

தட்டோரத்தில் அது கிடந்தது, பல் பதிந்து. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பையைப் பேப்பரில் கொட்டினோம். வத்தல் சொரசொரப்பு, ஏடு வழவழப்பு; கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடுவேன். ஒவ்வொன்றாக வந்தது. தாமரை ஏடும் வந்தது.

பேத்தி கடிபட்ட ஏட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆயா, இதுல ஒண்ணுமே எழுதல."

வாங்கிப் பார்த்தேன். மேலேடு. உள்ளே இருப்பவை தேயாமலிருக்க முன்னால் வைக்கிற வெற்றோலை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நல்ல வேளை மாப்பிள்ளை, எழுத்து இல்லாததாப் பாத்துக் கடிச்சீங்க."

"நான் படிச்சவன் இல்லியா அத்தை," என்றார். மகள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. பொழுது இன்னும் இருந்தது. நிஜமான வத்தலை வறுத்து, ரசம் சோறு சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்கு இரண்டு வாய் கூடவே இறங்கியது.

புது ஓலை நறுக்கி மேலேடாக வைத்துக் கட்டிவிட்டேன். எனக்குப் பிறகு அவிழ்க்கிற கைக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதினேன்: ஏடு காயும் மாடியில் வத்தல் காயக்கூடாது. முடித்ததும் தாளைப் பேத்தியிடம் நீட்டிச் சொல்லப்போகிறேன்:

"இந்தாடி, மொதல்லேர்ந்து படி. சமையக்கட்டுல இருக்கிற உங்கம்மா காதுலயும் விழட்டும்."