ஜன்னலில் பிடித்துப் பார்த்த எக்ஸ்ரே

சண்டைக் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தபோது எனக்குக் காசநோய் வந்தது. ஆறு மாத மருந்து. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவளுக்கும் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் நானே ஒரு சட்டம் போட்டேன்: என் அறை வாசலை அவள் தாண்டக்கூடாது. "டொக்டரை ஒருக்காக் கேளுங்கோவன்" என்று மனைவி எவ்வளவோ சொன்னாள். நான் கேட்கிற ஆளா?

மருந்து முடிந்ததும் கொட்டாஞ்சேனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். செக்பொயின்டில் இறக்கினார்கள். ஆமிக்காரன் என் கையிலிருந்த பெரிய உறையை வாங்கிப் படத்தை வெளியே இழுத்து, "மே மொக்கத?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "டீபீ, மாத்தயா" என்றேன். கை சுட்டவன் போல உள்ளே திணித்துத் திருப்பித் தந்தான். அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. அட, இந்த வருத்தத்தாலும் ஒரு பிரயோசனம்!

வீட்டில் பழைய படத்தையும் புதியதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பழையதில் இடது கைப்பக்கம் இருந்த வெள்ளைத் திட்டு, புதியதில் வலது கைப்பக்கம் இருந்தது. ஒரு நுரையீரல் சுகமாகி மற்றதில் பிடித்துவிட்டது! இன்னும் ஆறு மாதம் பிள்ளையைத் தொட முடியாது. மனைவியிடம் மூச்சுவிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் டொக்டர் அம்மாவிடம் படத்தைப் பிடித்துக் காட்டி, வருத்தம் பக்கம் மாறிவிட்டது என்றேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உமக்கென்ன, இருதயம் வலப்பக்கத்திலயோ? படத்தைப் பின்பக்கமாப் பிடிச்சிருக்கிறீர்."

திருப்பி விளக்குப் பெட்டியில் வைத்தார். திட்டு பழைய இடத்திலேயே சின்னதாக இருந்தது.

"அப்ப இன்னும் போகேல்லையே, டொக்டர்?"

"அது தழும்பு. முழங்காலில புண் ஆறினாலும் அடையாளம் நிக்குமெல்லோ, அப்பிடித்தான். சளியில கிருமி இல்லை. உமக்குச் சுகம்."

"மகளைத் தூக்கலாமோ?"

"நாலு மாதத்துக்கு முந்தியே தூக்கியிருக்கலாம். ஆர் உம்மை வேண்டாமெண்டது?"

ஒருவரும் சொல்லவில்லை. நான் ஒருவரிடமும் கேட்கவுமில்லை. என்னை நானே ஏசிக்கொண்டு, ஆனாலும் சந்தோசம் தாங்காமல், வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தேன்.

விறாந்தையில் விளையாடிக்கொண்டிருந்த மகளின் முன்னால் குந்தியிருந்து இரண்டு கையையும் நீட்டினேன். அவள் பின்னே நகர்ந்து, சுட்டுவிரலை ஆட்டி என்னை அதட்டினாள்.

"அப்பா! கிட்ட வரக்கூடாது!"

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மகளைத் தூக்கி என் மடியில் போட்டாள். பிள்ளை கத்தின கத்தலுக்கு வீட்டுச் சொந்தக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். நான் விடவில்லை.