சூட்டோடு மூடிய கட்டுச்சோறு

எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். பயம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. பெயர் நல்லகாமன். விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டு மேல், மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை முதலில் நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் போல்ட்டையே கழற்றுவேன். "அண்ணே வாய் அப்படி, மனசு தங்கம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன்.

எனக்கு ஒரே மகள், திவ்யா. திருப்பரங்குன்றத்தில் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம். முதல் தடவை உண்டானபோது ஆறாம் மாதம் வாந்தியும் பேதியுமாக ஆரம்பித்துக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் மாப்பிள்ளை ராம்கி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டாவது மூன்று மாதம்கூட நிற்கவில்லை. இப்போது மூன்றாவது. ஏழாம் மாதம் வரை வந்துவிட்டது. "வாந்தி பேதின்னு எதுவும் வரக்கூடாது, வெளிச் சாப்பாடு வேண்டவே வேண்டாம்" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதிலிருந்து ராம்கி நம்பரிலிருந்து போன் வந்தாலே எனக்குப் பயம்தான். எடுத்ததும், "என்ன மாப்ள, இந்நேரத்துல?" என்று எரிந்துதான் விழுவேன். பயத்தை வேறு எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். புளி, எலுமிச்சை, தேங்காய், எள், தயிர் என்று ஐந்து சோறு. வாசற்படியைத் தாண்டிவிட்ட கட்டுச்சோற்றை வழியில் திறக்கக் கூடாது, ருசி பார்க்கக் கூடாது, திருப்பிக் கொண்டுவரவும் கூடாது. பிள்ளைத்தாய்ச்சி கையால்தான் மூடியைத் திறக்க வேண்டும். அன்றைக்கு அவள் காதில் அமங்கலமான ஒரு சொல் விழக் கூடாது.

என் மனைவி செல்லத்தாயிடம் மூடி போட்ட மூங்கில் கூடை ஒன்று உண்டு. அழகர்கோயில், வைகை அணை என்று குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் அதில்தான் சோறு போகும். சும்மா அள்ளிப் போட்டுவிட மாட்டாள். வெள்ளைத் துணியை விரித்து, கிளறிய சோற்றைப் பரப்பி, விசிறியால் விசிறி, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடு துளியும் இல்லை என்றால்தான் வாழையிலையில் பொட்டலம் கட்டுவாள். நான் வாசலில் நின்றுகொண்டு, "சோத்துக்கு விசிறி முடிச்சிட்டியா, இல்ல தாலாட்டும் பாடணுமா?" என்று கத்துவேன். ஆனால் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சோறு அப்படியே இருக்கும். அதை ஒருநாளும் நான் வாய் திறந்து சொன்னதில்லை.

இந்தத் தடவை நாள் குறிக்கப் போனபோது சம்பந்தியம்மா சுபலட்சுமி சாதாரணமாக ஒன்று சொன்னார். "கூடையெல்லாம் எதுக்குண்ணே இந்தக் காலத்துல? தூசி தும்பு விழும். எங்க மூத்த மருமகளுக்கு அவுக அம்மா வீட்டுல ஹாட்பாக்ஸ்லதான் கொண்டாந்தாக. மூடியத் தொறந்தா ஆவி பறந்துச்சு."

போதாதா எனக்கு? மறுநாளே டவுனுக்குப் போய்ப் பளபளவென்று ஐந்து பெரிய ஹாட்பாக்ஸ் வாங்கி வந்து நடுவீட்டில் வரிசையாக வைத்தேன். செல்லத்தாய் மூடியைத் திருகிப் பார்த்தாள்.

"ஏங்க, சூட்டோட மூடுனா வேர்த்துரும். தேங்காச் சோறு தாங்காதுங்க."

"ஊரு ஒலகமே இதுலதான் கொண்டு போகுது. ஒனக்கு மட்டும் வேர்க்குதாக்கும்! எனக்குப் பாடம் எடுக்காத. அந்தக் கூடையத் தூக்கிப் பரண்ல போடு."

அவள் ஒன்றும் பேசவில்லை. பேசவில்லை என்றால் சரி என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். காற்றுப் போகாமல் மூடி வைத்தால் மோட்டார் புகைந்துவிடும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுக்கும் எனக்கு, சோற்றுக்கும் அதே நியாயம்தான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே சமைத்து, ஐந்தரை மணிக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்க அள்ளி மூடிவிட்டார்கள். நான்தான் பக்கத்திலேயே நின்று மூட வைத்தேன். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும், பன்னிரண்டுக்கு மேல்தான் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒன்பதரைக்குப் பெண்கள் எல்லாரும் வேனில் ஏறினார்கள். அரைகுறையாக நின்ற மோட்டார் ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று நான் நின்றுகொண்டேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன் என்பதால் எனக்கென்று ஒரு சின்ன ஹாட்பாக்ஸில் தேங்காய்ச் சோறு போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள் செல்லத்தாய். அதே சட்டி, அதே சூடு.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குளித்துவிட்டு வந்து அதைத் திறந்தேன். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழுந்தது. ஒரு புளித்த வாடை. கரண்டியால் கிளறினேன், நூல் நூலாக இழுத்தது. நம்பாமல் ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன்.

செல்லத்தாய்க்குப் போன் போட்டேன். அடுப்படியிலேயே மணி அடித்தது. சார்ஜில் போட்டு மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். "அறிவு கெட்டவளே!" என்று ஆளில்லாத வீட்டில் கத்தினேன். ராம்கிக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். விசேஷத்தை வீடியோ எடுக்கும்போது யாரும் கூப்பிட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று போனை அணைத்துவிட்டுக் கேமராவோடு நின்றிருக்கிறான், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திவ்யாவின் பெயரை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் கட் பண்ணினேன். ஏழு மாதக்காரியிடம் என்னவென்று சொல்வது? பதறிவிட்டாளானால்?

சம்பந்தியம்மா நம்பரும் என்னிடம் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதை நான் அழுத்தவில்லை. மூன்று நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மானம் போய்விடுமாம்! பிள்ளை உயிரை விட எனக்கு மானம் பெரிதாக இருந்த மூன்று நிமிஷம் அது. நினைத்தால் இப்போதும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வண்டியை எடுத்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காளவாசல் சிக்னலில் நின்றபோது எண்கள் அறுபதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அங்கேதான் மானத்தை விட்டேன். சம்பந்தியம்மா உடனே எடுத்தார். பின்னால் குலவைச் சத்தம் காதைத் துளைத்தது.

"தாயி, சோத்தத் தொறக்காதீக! சோத்தத் தொறக்காதீக!"

"ஒண்ணும் கேக்கலண்ணே! வாங்க வாங்க, இந்தா தொறந்தாச்சு, ஒங்களுக்காகத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்!"

கட் ஆகிவிட்டது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "என்னண்ணே, ஒடம்பு முடியலையா?" என்றார். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

பழங்காநத்தத்திலும் பசுமலையிலும் எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது. வராண்டாவும் சுவரில் முட்டிய ராம்கியும்தான் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார்கள். ஆண்டவா, அவள் தயிர்ச்சோற்றில் ஆரம்பித்திருக்கட்டும், எள்ளுச்சோற்றில் ஆரம்பித்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். தயிர்ச்சோறும் அதே சூட்டில் மூடியதுதான் என்பது நினைவுக்கு வந்ததும் வேண்டுதலும் நின்றுபோனது.

மொட்டைமாடியில் பந்தல். செருப்போடு ஏறினேன். மாலையும் கை நிறைய வளையலுமாகத் திவ்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் தட்டு. கை வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"வாயில வைக்காதம்மா! கீழ போடு!"

தட்டை நான் தட்டிவிட்டேனா, அவளே பயந்து நழுவவிட்டாளா, தெரியவில்லை. சோறு சிதறியது.

"என்னண்ணே இது, நல்ல நாளும் அதுவுமா?" என்றார் சம்பந்தியம்மா.

"கெட்டுப்போச்சு தாயி. சோறு கெட்டுப்போச்சு. ஆரும் திங்காதீக." சொல்லக் கூடாத சொல்லை எல்லார் முன்னாலும், என் மகளின் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "தேங்காச் சோறும் தயிர்ச் சோறும் கொஞ்சம் வாடை வந்துச்சுண்ணே. நாங்களும் காட்டிக்கல. அந்தக் கூடையில இருந்துச்சுல்ல புளிச்சோறு, அதத்தான் எல்லாரும் வாங்கிச் சாப்புட்டோம். அது அம்புட்டு நல்லா இருந்துச்சு."

கூடையா? திரும்பிப் பார்த்தேன். பந்தல் காலோரம் மூங்கில் கூடை இருந்தது. மேலே அதிரசம், முறுக்கு. அடியில் வாழையிலைப் பொட்டலங்கள். எனக்குத் தெரியாமல் பரணிலிருந்து இறக்கி, எனக்குத் தெரியாமல் ஆற வைத்துக் கட்டி, பலகாரத்துக்குக் கீழே மறைத்துக் கொண்டுவந்திருக்கிறாள் செல்லத்தாய். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் ஒரு நல்ல காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்திருக்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

அதைப் பற்றிக் கேட்க நேரமில்லை. மற்றவர்கள் தட்டில் தேங்காய்ச் சோறு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. திவ்யாவின் தட்டிலிருந்து சிதறியதில் புளிச்சோறு மட்டும்தான் இருந்தது.

"தேங்காச் சோறு எம்புட்டும்மா சாப்புட்ட?"

"வச்சதெல்லாம் சாப்ட்டேன்ப்பா," என்றாள்.

மூன்று மணிக்கு முதல் வாந்தி. நாலு மணிக்குள் இன்னும் இரண்டு. ராம்கி காரை எடுத்தான். பின்சீட்டில் அவள் வயிற்றில் கையை வைத்தபடியே வந்தாள். "மத்தியானத்துல இருந்து அசையவே இல்லம்மா," என்று செல்லத்தாயிடம் அவள் சொன்னது முன்சீட்டில் இருந்த எனக்குக் கேட்டது. ராம்கி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

டாக்டரம்மா எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். வயிற்றின் மேல் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்துத் தேடினார். கரகரவென்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. இடத்தை மாற்றினார். அப்போதும் இல்லை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் ஆயுசையே எடுத்துக்கொள் சாமி என்றேன், வாய்விட்டே சொல்லியிருப்பேன் போல, நர்ஸ் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது இடத்தில் கிடைத்தது. டக் டக் டக் டக் என்று, இப்போதுதான் காயில் கட்டி ஓடவிட்ட புது மோட்டார் மாதிரி, நிற்காமல். ராம்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"குழந்தை நல்லா இருக்கு. இவங்களுக்குத்தான் தண்ணிச் சத்து குறைஞ்சிருக்கு. ட்ரிப்ஸ் போட்டு நாளைக்கு வரைக்கும் பார்ப்போம்," என்றார் டாக்டரம்மா. ஊசி குத்தி முடித்து, நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எழுதிக்கொண்டே திவ்யாவைப் பார்த்தார்.

"மத்தவங்க எல்லாம் வாடை தெரிஞ்சு ஒதுக்கியிருக்காங்க. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு டாக்டர். மூடியத் தொறந்ததுமே தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சே ஏம்மா சாப்ட்ட? நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

திவ்யா என் பக்கம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"நான் ஒதுக்கி வச்சா சோறு கெட்டுப்போச்சுன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுரும். வீட்டுக்குப் போயி அம்மாவத் திட்டுவாரு. அந்தச் சத்தத்துக்கு நான் சின்னப் பிள்ளையில இருந்தே எதையும் சாப்ட்ருவேன் டாக்டர்."

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. ராம்கியும் பார்க்கவில்லை. செல்லத்தாய் மகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "இல்லம்மா" என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். சத்தம் வெளியே வருவதற்கு முன்பே செல்லத்தாயின் கை அந்தக் காலின் மேல் அப்படியே நின்றுபோனது. அவள் தோள் இரண்டும் குறுகின.

நான் வாயை மூடிக்கொண்டேன்.