ஐந்து என்றால் ஆறு

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பது, படிக்க வந்த இடத்தில் ஊர்ச்சனத்தின் ஏச்சை வலியப் போய் வாங்கும் உத்தியோகம். தொண்ணூறுகளின் நடுவில் மெல்பேர்ணில் நான் அதைப் பார்த்தேன். சங்கம் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு என் கோபம் விளங்காது.

யாருடைய சங்கம்?

புது மாணவர்கள் வரும் வாரத்தில் கழகங்கள் எல்லாம் புல்வெளியில் மேசை போட்டு ஆள் பிடிக்கும். பக்கத்து மேசையில் பனிச்சறுக்குக் கழகம் பியர் கொடுத்தது. நாங்கள் வடை வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன், இது இந்தியன் ஆக்களின் சங்கமோ என்று கேட்டுவிட்டு வடையோடு போய்விட்டான். நானும் யாழ்ப்பாணம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து வந்தவன் மதுரையிலிருந்து பொறியியல் படிக்க வந்த செந்தில். இரண்டாவது வடையைக் கடித்தபடி கேட்டான்:

"பாஸ், இது சிலோன்காரங்க சங்கமா, நம்ம சங்கமா?"

கலைவிழா

நோட்டீசில் ஐந்து மணி என்று போடுவோம்; தொடங்குவது ஆறுக்கு. எங்களுக்கு முன்னிருந்த செயலாளர்கள் பழக்கிவிட்ட தந்திரம் இது. உண்மையான நேரத்தைப் போட்டால் சனம் ஏழுக்குத்தான் வரும் என்று பயம்.

சிறப்பு விருந்தினராக அழைத்த வெள்ளைக்காரப் பேராசிரியர் ஐந்துக்கே வந்து நின்றார். வெறும் மண்டபத்தில் அவரோடு மழையைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் பேசிப் பேசி எனக்கு நாக்கு வறண்டது. ஆறு மணிக்குக் குடும்பத்தோடு வந்து நேரே புரியாணிப் பக்கம் போன ஓர் அங்கிளை மறித்து, ஐந்து என்றல்லவா போட்டிருந்தோம் என்றேன். அவர் சிரித்தார்.

"ஐஞ்சு எண்டு போட்டா ஆறு எண்டு எங்களுக்குத் தெரியாதோ தம்பி?"

அறை

மாணவர் யூனியன் எங்களுக்குச் சின்ன அறை ஒன்று தந்திருந்தது. ஒரு ரைஸ் குக்கர், நாலைந்து கதிரை, ஒரு பாய். சோறு தின்ன எல்லாரும் வருவார்கள், கோப்பை கழுவ ஒருவரும் இல்லை. கழுவுவது நானும் பொருளாளர் நஸ்ரினும். கல்முனைப் பிள்ளை, வகுப்புகளுக்கு நடுவே அந்தப் பாயில்தான் தொழுவாள். அறை கிடைப்பதற்கு முன் சைக்கிள் நிறுத்தும் படிக்கட்டுக்குக் கீழே தொழுதவள்.

யூனியன் விதி ஒன்று இருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர் வரவேண்டும். இல்லாவிட்டால் சங்கத்தை நீக்கி அறையை வேறு கழகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பனிச்சறுக்குக்காரர் சாமான் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த அறை போனா நான் திரும்பவும் படிக்கட்டுக்குக் கீழதான். எப்படியாவது ஆக்களச் சேருங்க" என்றாள் நஸ்ரின்.

பொதுக்கூட்டம்

வழக்கம்போல நோட்டீசில் ஐந்து என்று போட்டேன். பிரதி ஒன்று யூனியனுக்கும் போனது. சரியாக ஐந்துக்கு, வந்தவர்களை எண்ணிப் பார்க்க யூனியன் பெண் ஒருத்தி மண்டபத்துக்கு வந்தாள். நானும் நஸ்ரினும் கதிரைகளும் இருந்தோம். ஆறுக்கு எல்லாரும் வருவார்கள் என்று கெஞ்சினேன். பாவம், அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வருத்தம் சொல்லி எழுந்து போனாள்.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்தது. இருக்கக் கதிரை போதவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாரையும் கண்டபடி ஏசினேன். முன்வரிசையில் இருந்த செந்திலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மணி ஆறுதானே பாஸ் ஆகுது? கரெக்ட் டைமுக்குத்தான வந்திருக்கோம்?"

சாவி

அறையைக் காலி செய்த அன்று வாசலில் பனிச்சறுக்குப் பலகைகள் அடுக்கியிருந்தன. குக்கரைத் தூக்கிக்கொண்டு நான் அங்கிளையும் செந்திலையும் தமிழினத்தையும் திட்டித் தீர்த்தேன். அந்த யூனியன்காரிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்றும் கத்தினேன். நஸ்ரின் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். சாவியை என் கையில் தந்தாள்.

"அவவ ஏசாதீங்க. அஞ்சு மணி எண்டு நீங்கதானே போட்டீங்க. அந்தப் புள்ள மட்டும்தான் அத நம்பி வந்திச்சு."

இப்போதெல்லாம் எந்தத் தமிழ் விழாவுக்கு அழைப்பு வந்தாலும் அதில் போட்ட நேரத்துக்கே போய், வெறும் கதிரைகளுக்கு நடுவில் தனியாக இருந்து கொதித்துக்கொண்டிருக்கிறேன்.